அவர் பாதி உலகம்

3 அக்டோபர் 2023, செவ்வாய்

சிவகாசியில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் டைரிக்கு வராது. தெருக்கோடி அச்சகத்தில் பிப்ரவரிக்கு முப்பது நாள் போட்டு ஒரு கட்டு டைரி அடித்துவிட்டார்கள். கழிவுக் காகிதத்தோடு போக இருந்ததில் ஒன்றை நான் எடுத்து வந்தேன். பிழை திருத்துகிறவளுக்குப் பிழையான டைரி, பொருத்தம்தான்.

இன்று முதல் 'உலகத் தகவல் பேழை'யின் கடைசி அச்சுப்படி பார்க்கும் வேலை. வருஷத்துக்கு ஒரு பதிப்பு. 1988-இல் நான் சேர்ந்தபோது இது ஒல்லியான புத்தகம். இப்போது தலைக்கு வைத்துப் படுக்கலாம். போட்டித் தேர்வு எழுதும் பிள்ளைகள் பாதிப் பேர் இதை வைத்துத்தான் படிக்கிறார்கள். ஆரம்பத்திலிருந்தே உலகத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். ஆசியாவும் ஆப்பிரிக்காவும் என் பாதி. ஐரோப்பா, இரு அமெரிக்காக்கள், கடல் நடுவே கிடக்கும் தீவுகள் எல்லாம் என்னோடு வேலை பார்த்த தேவசகாயம் சார் பாதி. அவரும் என்னைப் போல ஒண்டிக்கட்டை; தன் பாதியை முடித்துக் கொடுத்துவிட்டு ஜூன் மாதம் நாகர்கோவிலுக்குத் தங்கச்சி வீட்டோடு போய்விட்டார். அச்சக நெடி மூச்சுக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

என் பாதி சுத்தம். அவர் பாதியில்தான் இந்த வருஷக் கண்ணி இருக்கிறது.

6 அக்டோபர், வெள்ளி

கண்ணி என்றால் என்னவென்று முதலாளி ரத்தினவேலுக்கு இன்று மறுபடி விளக்கினேன். அவனுடைய அப்பா காலத்தில் வந்த பழக்கம். நாம் மாடாய் உழைத்துத் தகவல் சேர்க்க, பக்கத்துத் தெருவில் ஒருவர் அப்படியே எடுத்துப் போட்டு விற்பார். அதைப் பிடிக்கப் புத்தகத்தில் எங்காவது ஒரே ஒரு பொய்யைப் புதைத்து வைப்போம். அது அவர் புத்தகத்திலும் முளைத்தால் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். தலைநகர், நாணயம், மக்கள்தொகை, இந்த மூன்றிலும் கை வைக்கக் கூடாது. பிள்ளைகள் பரீட்சை எழுதுகிறவர்கள். ஒவ்வொரு நாட்டுக்கும் கீழே ஒரு கட்டத்தில் 'துணுக்கு' வரும், அதில் மட்டும்தான்.

ஒரு வருஷம் சார் வைப்பார், மறு வருஷம் நான். வைத்தவர் சொல்ல மாட்டார், அடுத்தவர் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்துவிட்டால் வைத்தவருக்குத் தோல்வி, முடியாமல் போய்க் கேட்டால் தேடியவருக்கு. தோற்றவர் ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் நேரில் போய்ப் பால்கோவா வாங்கிவர வேண்டும்; இங்கேயே கடையில் வாங்கினால் செல்லாது. சாருக்கு அந்தக் கடைக்காரரோடு உறவே ஏற்பட்டுவிட்டது. நான் தோற்றது மிகக் குறைவு.

ரத்தினவேல் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"அக்கா, ஒரு விசயம். இந்த வருசத்தோட புக்கு கடைசி. எல்லாத்தையும் ஒரு ஆப் கம்பெனிக்குக் குடுக்கப்போறேன். தப்பு ஒண்ணு இருந்தாலும் பேரு கெட்டுப்போகும். அந்தப் பொய்ய எடுத்துருங்க."

"எங்க இருக்குன்னு தெரிஞ்சால்ல எடுக்க?"

"சாருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்க, முடிஞ்சுச்சு சோலி."

"கேட்டா தோத்ததா கணக்கு" என்றேன். சிரித்தான். அவனுக்கு விளையாட்டாய் இருக்கிறது. புத்தகத்தில் பொய்க்கு ஒரு வருஷம்தான் ஆயுசு, அடுத்த பதிப்பில் நாங்களே பிடுங்கிவிடுவோம். அடுத்த பதிப்பே இல்லை என்றால் அது அப்படியே தங்கிவிடும். எவனோ ஒரு பிள்ளை அதை உண்மை என்று நம்பிக்கொண்டு திரிவான். முப்பத்தைந்து வருஷ உழைப்புக்கு அப்படியா முடிவு வர வேண்டும்? தீபாவளி கழித்து மெஷின் ஏறுகிறது. அதற்குள் கண்டுபிடிப்பேன்.

ஜூனுக்கு அப்புறம் அவரும் போன் செய்யவில்லை. குறித்து வைக்கிறேன், அவ்வளவுதான்.

7 அக்டோபர்

சுரைக்காய்க் கூட்டில் உப்பு இரண்டு முறை போட்டுவிட்டேன். பெல்ஜியம் சுத்தம்.

11 அக்டோபர், புதன்

எஸ்தோனியா, லாத்வியா, லிதுவேனியா முடிந்தது. இவை மூன்றையும் பார்த்தால் எனக்கு 1991 ஞாபகம்தான். பேழை பாதி அச்சாகி மெஷினில் இருந்தபோது சோவியத் யூனியன் உடைந்தது. பெரிய முதலாளி, ரத்தினவேலின் அப்பா, தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "ஒரு மாசம் பொறுத்து ஒடையக் கூடாதாய்யா?" என்று அவர் கேட்டதைக் கேட்டுக் கம்போசிங் ஆட்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஒரு நாடு போய்ப் பதினைந்து நாடு. ஒவ்வொன்றுக்கும் தலைநகர், நாணயம், கொடி. சில நாடுகளுக்கு நாணயம் எது என்று அவர்களுக்கே முடிவாகவில்லை.

ஒரு மேஜை. அந்தப் பக்கம் சார், இந்தப் பக்கம் நான், நடுவில் டீ கேத்தல். கஜகஸ்தான், உஸ்பெகிஸ்தான் வகையறா எனக்கு வந்தது நியாயம். ஆர்மேனியா, அஜர்பைஜான், ஜார்ஜியா மூன்றும் ஐரோப்பாவா ஆசியாவா என்று சண்டை வந்தது. கடைசியில் சார், "ஜார்ஜியாவ நீங்களே வச்சுக்கிடுங்க கோமதியம்மா. நல்ல திராட்சை விளையுற ஊராக்கும்" என்றார். ஏதோ தோட்டத்தையே எழுதிக் கொடுத்த மாதிரி. நானும் வாங்கிக்கொண்டேன். இன்றைக்கு வரைக்கும் ஜார்ஜியா என் பக்கம்தான் இருக்கிறது.

இப்போது மேஜையில் பாதி காலி. ரத்தினவேல் பிரிண்டரை வைக்கலாமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன்.

15 அக்டோபர், ஞாயிறு

தம்பி சங்கரலிங்கம் சென்னையிலிருந்து போன் செய்தான். நவம்பர் முப்பதோடு எனக்கு வேலை முடிகிறது. டிசம்பர் ஒன்றாம் தேதி நேரே தாம்பரத்துக்கு வந்துவிட வேண்டுமாம்.

"ரூமுக்கு பெயிண்ட் அடிச்சாச்சுக்கா. பேரப் புள்ளைங்களும் அதுலயேதான் படுக்கும், ஒனக்கும் தொணையா இருக்கும். மருமக வேலைக்குப் போறா, நீ வந்தா ஆளு தேட வேண்டாம்."

நல்லவன்தான். மறைக்காமல் சொல்கிறான்.

போனை வைத்துவிட்டு என் பாதியில் ஒரு திருத்தம் செய்தேன். மக்கள்தொகைப் பட்டியலில் சீனாவை இரண்டாம் இடத்துக்கு இறக்கி இந்தியாவை முதலில் ஏற்றினேன். நான் சேர்ந்தபோது நாம் எண்பது கோடிச் சொச்சம். இப்போது நூற்று நாற்பதைத் தாண்டிவிட்டோம். உலகம் அப்போது ஐந்நூறு கோடி, இப்போது எண்ணூறு கோடி. முந்நூறு கோடிப் பேர் புதிதாக வந்து சேர்ந்திருக்கிறார்கள். அம்மா போன பிறகு இந்த வீட்டில் நான் ஒருத்திதான். எனக்கு அது பழகிவிட்டது.

19 அக்டோபர், வியாழன்

பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன்! பராகுவே: 'இந்நாட்டுக் கொடியின் முன்பக்கம் ஒரு சின்னம், பின்பக்கம் வேறு சின்னம்.' எந்த ஊரில் அப்படி இருக்கும் என்று துள்ளினேன். தேடிப் பார்த்தால் அந்த ஊரில் அப்படித்தான் இருக்கிறது.

அடுத்தது சுவிட்சர்லாந்து: 'கினிப் பன்றியை ஒற்றையாக வளர்ப்பது இங்கே சட்டப்படி தவறு. துணையின்றி வாடும் பிராணி என்பதால் இரண்டாகத்தான் வளர்க்க வேண்டும்.' இதுதான் கண்ணி, சந்தேகமே இல்லை என்று சிவப்பு மையில் சுழித்துவிட்டு, நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டு வந்து சரிபார்த்தேன். உண்மை! அப்படி ஒரு சட்டமே இருக்கிறது. சுழித்ததை வெள்ளை மை போட்டு அழித்தேன்.

போன வருஷம் வரை சுவிட்சர்லாந்துத் துணுக்கில் கடிகாரம் இருந்தது. ஏன் மாற்றினார் என்று தெரியவில்லை.

23 அக்டோபர், திங்கள்

ஆயுத பூஜை. மெஷினுக்கு, கட்டிங் கத்திக்கு, கம்ப்யூட்டருக்கு எல்லாம் சந்தனம் குங்குமம். ரத்தினவேல் மனைவி சார் நாற்காலிக்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டாள். அவர் சர்ச்சுக்குப் போகிற மனிதர். ஆனாலும் ஒவ்வொரு வருஷமும் பொரிகடலையை முதல் ஆளாக வந்து மடியில் வாங்கிக்கொள்வார். இந்த வருஷம் பொரி மிஞ்சிவிட்டது.

பழைய பேழைகளை அடுக்கும்போது 1996 கையில் வந்தது. அந்த வருஷம் சார் வைத்த கண்ணி: லக்சம்பர்க்கில் குடைகளுக்கென்றே வருஷம் ஒரு ஊர்வலம் உண்டு என்று முழுப் பொய். பக்கத்துத் தெருக்காரர் அதை எடுத்துப் போட்டதோடு விடவில்லை, ஓவியரை வைத்துக் குடை ஊர்வலத்துக்குப் படமும் வரைந்துவிட்டார்! பெரிய முதலாளி கேஸ் போடவில்லை. அந்தத் தெருக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஆளுக்கொரு குடையோடு போய் உட்கார்ந்தோம். மாப்பிள்ளை வீட்டார் மழை வரும்போலிருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். சாரும் நானும் சிரித்த சிரிப்பில் எனக்குப் பாயசம் புரையேறிவிட்டது. தலையில் தட்டக் கை ஓங்கிய சார் பாதியில் நிறுத்தி, தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தார். இதெல்லாம் எதற்கு இப்போது எழுதுகிறேன்.

27 அக்டோபர், வெள்ளி

பிரான்ஸ்: 'இறந்துபோனவரைச் சட்டப்படி மணந்துகொள்ள இந்நாட்டில் வழி உண்டு. குடியரசுத் தலைவர் அனுமதி தர வேண்டும்.' கிறுக்குத்தனம், இதுதான் கண்ணி என்றால், அதுவும் உண்மை. உயிரோடு இருக்கும்போது என்ன செய்துகொண்டிருந்தார்களாம்?

அமெரிக்கா: 'அலாஸ்காவை ஒட்டிய கடலில் எதிரெதிரே இரண்டு சிறு தீவுகள். ஒன்று அமெரிக்காவுடையது, மற்றது ரஷ்யாவுடையது. நடுவே நான்கு கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் தேதிக் கோடு இடையில் ஓடுவதால் ஒரு தீவில் இன்று, எதிர்த்தீவில் நாளை.' படத்தையும் பார்த்தேன். கூப்பிட்டால் கேட்கிற தூரம் மாதிரி இருக்கிறது. இதுவும் உண்மை.

போன வருஷம் வரை பிரான்சுக்கு ஈஃபில் கோபுரம், அமெரிக்காவுக்குச் சுதந்திரச் சிலை. இந்த வருஷம் எல்லாவற்றையும் மாற்றிவைத்திருக்கிறார். என்னைக் குழப்பத்தான். வேறு காரணம் இருக்க முடியாது.

1 நவம்பர், புதன்

அவர் பாதியை முழுக்க முடித்தேன். கண்ணி அகப்படவில்லை. மறுபடியும் முதலிலிருந்து.

ஜூனில் பஸ் ஸ்டாண்டுக்கு வழியனுப்பப் போனபோதே கேட்டிருக்கலாம். பஸ்ஸில் பெட்டியை ஏற்றிவிட்டுக் கீழே இறங்கி வந்து நின்றார்.

"கோமதியம்மா, எங்க ஊர்ல மழை நல்லா பெய்யும். ஒங்களுக்குத்தான் மழை பிடிக்குமே."

"சராசரி எவ்வளவுன்னு தெரியலையே சார். நம்ம புக்கு நாடுகளுக்குத்தான், நாகர்கோவிலுக்கு இல்ல" என்றேன்.

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு, "செரி. என் பாதிய நல்லாத் தேடிப் பாருங்க" என்று சொல்லிவிட்டு ஏறினார். பஸ் போய்விட்டது.

நான் சொன்னதில் தவறு இல்லை. தகவல் இல்லாததை இல்லை என்றுதான் சொல்ல முடியும். ஆனாலும் அந்தப் பார்வை என்னவோ அடிக்கடி ஞாபகம் வருகிறது.

5 நவம்பர்

இரண்டாம் முறை. ஃபின்லாந்தில் மனைவியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடும் போட்டி. உண்மையாம். கண் எரிகிறது.

12 நவம்பர், ஞாயிறு

தீபாவளி. ஊரே வெடி செய்கிற ஊர். இன்றைக்கு ஊரே தூங்குகிறது. இங்கே தீபாவளி என்பது வேலை முடிந்த அசதி. சார் இருந்தால் காலையில் வந்து வாசலில் நின்று, "இன்னிக்கு உலகத்துல எந்தெந்த நாட்ல தீபாவளிக்கு லீவு, சொல்லுங்க பாப்போம்" என்பார். வருஷம் தவறாமல் அதே கேள்வி. நானும் வருஷம் தவறாமல் ஒரு நாட்டை வேண்டுமென்றே விட்டுவிடுவேன். "ஃபிஜிய மறந்துட்டீங்க, அது என் பக்கமாக்கும்" என்று அவர் சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம் வரும். அப்புறம் அதிரசம் சாப்பிட்டுப் போவார்.

இந்த முறை நான் அதிரசம் சுடவில்லை. ஒருத்திக்காக யார் மாவு இடிப்பது? மத்தியானம் வாசலில் யாரோ வந்த மாதிரி இருந்தது. தபால்காரர் தீபாவளி இனாமுக்கு வந்திருந்தார். அவர் போனதும் கதவைச் சாத்திவிட்டு நன்றாக அழுதேன். எழுதி வைக்கிறேன், யார் படிக்கப் போகிறார்கள்.

14 நவம்பர், செவ்வாய்

மூன்றாம் முறையும் முடிந்தது. இல்லை. ரத்தினவேல் திங்கட்கிழமை மெஷின் ஏற்றியே ஆக வேண்டும் என்கிறான். தாம்பரத்திலிருந்து தம்பி கட்டில் படம் அனுப்பியிருக்கிறான். அடுக்குக் கட்டில். கீழே எனக்காம்.

நான் தோற்றுவிட்டேன்.

17 நவம்பர், வெள்ளி

ஸ்ரீவில்லிபுத்தூர் போய் வந்தேன். பால்கோவாக் கடைக்காரர், "சார் வரலையா? ஒவ்வொரு வருசமும் அவருதான வருவாரு" என்றார். இந்த முறை நான் என்றேன். சூடாக நிறுத்துத் தந்தார். போனில் தோல்வியை ஒப்புக்கொண்டால் செல்லாது, பால்கோவாவைக் கையில் கொடுத்துத்தான் கேட்க வேண்டும். விதி விதிதான். அதற்காகத்தான் நாளை நாகர்கோவில் போகிறேன். அரக்குக் கரை போட்ட சேலையை இஸ்திரிக்குக் கொடுத்தேன், பஸ்ஸில் கசங்காது.

19 நவம்பர், ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

திருநெல்வேலி தாண்டியதுமே மேகம் மூடிவிட்டது. நாகர்கோவில் வேட்டூர்ணிமடத்தில் வீட்டைக் கண்டுபிடித்தபோது நல்ல மழை. சாரின் தங்கச்சி தங்கம்தான் கதவைத் திறந்தாள். கணவர் இறந்தபிறகு தனியாக இருந்தவள். என்னை இதற்குமுன் பார்த்ததே இல்லை, ஆனால் பார்த்ததும், "வாங்க கோமதியம்மா! நனஞ்சிட்டீங்களே" என்றாள். பேர் எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

சார் இளைத்திருந்தார். மூச்சு நன்றாக இருந்தது. என் கையில் இருந்த டப்பாவைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"தோத்துட்டீங்களாக்கும்?"

"தோத்துட்டேன். மூணு தடவ படிச்சாச்சு. எந்தப் பக்கத்துல வச்சிருக்கீங்க சார்? சொல்லுங்க, திங்கக்கிழம மெஷின் ஏறுது."

அவர் டப்பாவைத் திறந்து ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அவசரமே இல்லை.

"எந்தப் பக்கத்துலயும் இல்ல."

"வெளையாடாதீங்க. இது கடைசிப் பதிப்பு."

"வைக்கல்ல கேட்டீங்களா. இந்த வருசம் நான் பொய்யே வைக்கல்ல. எழுதினது எல்லாம் உண்மையாக்கும்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. கண் எரிய எரிய உலகத்தை மூன்று முறை சல்லடை போட்டுச் சலித்திருக்கிறேன். "அப்ப எதுக்குத் தேடிப் பாருங்கன்னு சொல்லிட்டு வந்தீங்க?" என்று கத்தியேவிட்டேன். அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது.

சார் வெளியே மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பொய் இருக்குன்னாத்தான் நீங்க ஒவ்வொரு வரியா படிப்பீங்க. இல்லன்னா எழுத்துப்பிழை மட்டும் பாத்துட்டு விட்ருவீங்கல்லா."

மழை ஓட்டில் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சுவிட்சர்லாந்து, பிரான்ஸ், அந்த இரண்டு தீவு, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஊரில் இருக்கிற பிழையை எல்லாம் கண்டுபிடிக்கிறவள் என்று எனக்கு எவ்வளவு பெருமை! அத்தனை உண்மையையும் பொய்யா பொய்யா என்றே தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். அழுகை வந்துவிட்டது. சேலைத் தலைப்பால் துடைத்தேன், மறைக்கவில்லை.

"படிச்சேன் சார்" என்றேன். "சுவிட்சர்லாந்தையும் படிச்சேன்."

"உண்மதானே?"

"உண்மதான். சரிபாத்துட்டேன்."

தங்கம் மரச்சீனிக்கிழங்கும் காந்தாரி மிளகாய்த் துவையலும் கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டு உள்ளே போகவில்லை. "மாடி சும்மாதான் கெடக்குது. நான் அண்ணன்கிட்ட ஜூன்லருந்து சொல்லிட்டு இருக்கேன், வாய் இருக்குதுல்லா, போனப் போட்டு இங்க வாறீங்களான்னு கேளுண்ணேன்னு. கேட்டா, அவங்க தேடி முடிக்கட்டும்ங்காரு" என்றாள். சார் கிழங்கை மும்முரமாகத் தின்றார். துவையல் உறைப்பு தாங்காமல் எனக்குப் புரையேறியது. இந்த முறை அவர் டம்ளரை நகர்த்தவில்லை. எழுந்து வந்து தலையில் தட்டினார்.

20 நவம்பர், திங்கள்

காலையில் ரத்தினவேலிடம் கண்ணி இல்லை என்று சொன்னேன். நிம்மதியாகக் கையெடுத்துக் கும்பிட்டான். ஒரே ஒரு திருத்தம் மட்டும் இருக்கிறது, போட்டுவிட்டு மெஷின் ஏற்றலாம் என்றேன்.

கடைசிப் பக்கத்தில், 'பிழைகள் கண்டால் எழுத வேண்டிய முகவரி' என்று எங்கள் இருவர் பேரும் போட்டு, சிவகாசி முகவரி இருக்கும். பேர்களை அப்படியே விட்டுவிட்டு முகவரியை மட்டும் மாற்றினேன். வேட்டூர்ணிமடம், நாகர்கோவில்.

அவன் அதை இரண்டு தரம் படித்தான். பிறகு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான்.

"அக்கா, புடிச்சுட்டேன் பாத்தீங்களா! இதான இந்த வருசக் கண்ணி?"

"இல்லப்பா" என்றேன். "இது சரியான தகவல்."

சாயங்காலம் தம்பிக்குப் போன் செய்து, கட்டிலில் மேலேயும் கீழேயும் பிள்ளைகளே படுத்துக்கொள்ளட்டும் என்று சொன்னேன். எங்கே போகிறாய் என்று கேட்டான். சொன்னேன். "சாப்பாடெல்லாம் ஒத்துக்குமாக்கா?" என்று கேட்டான். உறைப்புத்தான் கொஞ்சம் ஜாஸ்தி என்றேன்.

1 டிசம்பர், வெள்ளி

நாகர்கோவில். காலையிலிருந்து மழை. எவ்வளவு என்று தெரியவில்லை, பார்த்துக்கொண்டு இருக்கிறோம்.